கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலையில் தங்கும் பூச்சிமருந்து: வாங்கும்போதும் கழுவும்போதும் வளர்க்கும்போதும் கவனிக்க வேண்டியவை

சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் தழைகளில் பூச்சிமருந்து எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை, அவை 'இயற்கை விளைச்சல்' என்ற பலகையின் கீழ் விற்கப்படுகின்றனவா, சாதாரணக் கடையில் விற்கப்படுகின்றனவா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. கடைசியாகத் தெளித்த மருந்து எது, தெளித்த நாளுக்கும் அறுத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் விட்டார்கள், பக்கத்து நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கான விடைதான் உண்மையான நிலவரத்தைச் சொல்லும். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்திலும், 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனத் தனி மாவட்டங்களான பகுதிகளிலும் அன்றாடம் தழை வாங்குகிற, வீட்டிலோ அரைக் காணியிலோ தழை வளர்க்கிற குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தழையில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம்

ஒரு கிலோ கத்தரிக்காயின் மேற்பரப்பையும் ஒரு கிலோ கொத்தமல்லித் தழையின் மேற்பரப்பையும் ஒப்பிட்டால், தழையின் பரப்பு பல மடங்கு அதிகம். ஒரே டேங்கு மருந்தை இரண்டின் மீதும் ஒரே அளவில் அடித்தாலும், எடைக்கு எடை பார்க்கும்போது தழைதான் அதிக மருந்தைத் தாங்கி நிற்கும். அதோடு, கத்தரியில் காய்ப் பகுதியை மட்டும் உண்கிறோம். தழையிலோ மருந்து விழுந்த இலையே உணவாகிறது. கறிவேப்பிலையின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலம் சைபர்மெத்ரின் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மழையும் பனியும் அவற்றை எளிதில் கழுவிவிடுவதில்லை.

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்கறிகளைச் சோதித்து வெளியிட்டு வந்த அறிக்கைகளில் கறிவேப்பிலையும் புதினாவும் கொத்தமல்லியும் திரும்பத் திரும்ப இடம்பெற்றதற்கும், இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் எல்லையிலேயே கூடுதலாகச் சோதித்ததற்கும் காரணம் இதுதான். சட்டத்தின் கணக்கு மிக நுண்ணியது. ஒரு பயிருக்கென ஒரு மருந்துக்குத் தனி வரம்பு வகுக்கப்படாதபோது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் தழையில் ஒரு கிராம். மசாலாப் பொருட்களுக்கும் சமையல் மூலிகைகளுக்கும், நம் நாட்டில் பதிவு பெறாத மருந்துகளைப் பொறுத்தவரை, இந்த வரம்பை 0.1 ஆக உயர்த்தி அந்த ஆணையம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டதும், அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் செய்திகளில் வந்தவை.

வரம்பு மீறல் என்றவுடன் தழையையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். குளோர்பைரிபாஸ் என்ற மருந்துக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த அன்றாட ஏற்பளவு (வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொண்டாலும் கேடு விளைவிக்காது என்று கருதப்படும் அளவு), உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 0.6 மில்லிகிராம் ஆகும். கிலோவுக்கு 1 மில்லிகிராம் மருந்து ஏறிய மோசமான கறிவேப்பிலையில் 10 கிராமை அவர் மென்றே தின்றாலும் உள்ளே போவது 0.01 மில்லிகிராம், அதாவது அறுபதில் ஒரு பங்கு. ஆனால் அதே இலையைக் காயவைத்துப் பொடியாக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. பச்சை இலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால், 10 கிராம் பொடிக்குள் 30 கிராம் இலை அடங்கியிருக்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தப் பொடியைப் பிசைந்து கொடுத்தால், வறுக்கும்போது ஓரளவு குறைவதைச் சேர்க்காமல் பார்த்தால், ஏற்பளவில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரு பொடியிலிருந்தே போய்விடும். இதே மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்கவே முடியாது என்று முடிவு செய்து ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே தாளிப்பில் விழுகிற நாலு இலைக்குக் காட்டும் கவனத்தைவிட, பொடி, துவையல், கட்டுக் கட்டாகப் புதினாவும் மல்லியும் போடுகிற பிரியாணி ஆகியவற்றுக்கு வாங்கும் தழையில் கூடுதல் கவனம் தேவை என்பது என் உறுதியான கருத்து.

விளைவிக்கும் முறையும் எச்சமும்

வழக்கமான முறையில் விளையும் தழையில் சிக்கல் பெரும்பாலும் மருந்து அடித்ததில் இல்லை, அடித்த பின் பொறுக்காததில்தான் இருக்கிறது. கொத்தமல்லி விதைத்த 35 முதல் 45 நாளுக்குள் தழைக்காகப் பிடுங்கப்படுகிற பயிர். அதன் இரண்டாம் பாதியில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி விழுந்தால், அடிக்கிற மருந்து ஆறுவதற்குள் சந்தை நாள் வந்துவிடும். புதினா அறுக்க அறுக்கத் துளிர்ப்பது என்பதால் ஒவ்வோர் அறுப்புக்கும் இடையே ஒரு தெளிப்பு என்று பழக்கமாகிவிடுகிறது. தழைப் பயிர்களுக்கென்று அனுமதி பெற்ற மருந்துகள் மிகச் சிலவே; அதனால் கத்தரிக்கும் நிலக்கடலைக்கும் வாங்கி வைத்த மருந்தே மல்லிப் பாத்திக்கும் போகிறது. டப்பாவின் மேல் உள்ள முக்கோணம் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் 'பவர் கம்மி, சீக்கிரம் அறுக்கலாம்' என்று மருந்துக் கடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த நிறம், மருந்து உடனடியாக எவ்வளவு நஞ்சு என்பதைக் காட்டுவது. இலையில் எத்தனை நாள் தங்கும் என்பதை அது காட்டுவதில்லை.

மருந்துகளில் தொட்டால் கொல்லும் வகையும், செடிக்குள் ஊடுருவிப் பாயும் வகையும் உண்டு. முதல் வகை இலையின் மேல் தங்குவதால், அதை வெயிலும் கழுவலும் ஓரளவு குறைக்கும். அசிபேட், டைமெத்தோயேட், இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் வகைகள் இலையின் சாற்றுக்குள்ளேயே இருப்பதால் எந்தத் தண்ணீரும் அவற்றை முழுதாக எடுக்காது. மேலும் டைமெத்தோயேட் செடிக்குள் சிதையும்போது ஓமெத்தோயேட்டாகவும், அசிபேட் மெத்தமிடோபாஸாகவும் மாறுகின்றன. இவ்விரண்டும் மூல மருந்தைவிடக் கடுமையானவை.

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையில் மஞ்சள் ஒட்டும் அட்டை, வேப்பங்கொட்டைக் கரைசல், வரப்புப் பயிர் ஆகியவற்றைக் கொண்டு சமாளித்து, தப்பாத நிலையில் மட்டும் மருந்து அடிக்கிறார்கள். முறையாகச் செய்கிற ஓர் உழவரின் தழை, பெயருக்கு இயற்கை என்று விற்கப்படும் தழையைவிடத் தூய்மையாக இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

இயற்கை முறையில் மூன்று இடங்களில் எச்சம் நுழைகிறது. பக்கத்து நிலத்திலிருந்து காற்றில் வரும் மருந்துச் சாரல் முதலாவது. நம் பக்கத்தில் துண்டு நிலங்களே மிகுதி என்பதால் இது சிறிய விஷயமன்று. பழைய மண்ணில் தங்கிய டிடிடி போன்ற பொருட்கள் இரண்டாவது. வேளாண்மைக்கு டிடிடி தடை செய்யப்பட்டது 1989இல் என்றாலும் மண்ணில் அது பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது. மூன்றாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இயற்கை உழவர்கள் பூச்சிக்கு எதிராகத் தயாரித்துத் தெளிக்கும் அக்னி அஸ்திரம் என்ற கரைசலில் புகையிலை சேர்கிறது; குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் பீடித் தொழில் இருப்பதால் புகையிலைத் தூள் எளிதாகக் கிடைத்தும் விடுகிறது. புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் ஒரு பூச்சிக்கொல்லியே என்பதால், அதை அறுப்புக்கு முன் தழை மேல் அடித்தால் ஆய்வகத்தில் அதுவும் எச்சமாகத்தான் பதிவாகும். செடியிலிருந்து வந்தது என்பதற்காக எதையும் அறுப்பு வரை அடிக்கலாம் என்று கொள்வது தவறு.

சான்றிதழைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். உழவர் குழுக்களே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று தரும் பங்கேற்பு உத்தரவாத முறையில் (பிஜிஎஸ்) 'பிஜிஎஸ் இந்தியா கிரீன்' என்பது இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கும், 'பிஜிஎஸ் இந்தியா ஆர்கானிக்' என்பது மாற்றக் காலம் முடிந்த நிலத்துக்கும் உரியவை. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் அந்த மாற்றக் காலம் ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு, கறிவேப்பிலை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. இவ்விரு முறைகளில் சான்று பெற்ற பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கும்.

நிழல்வலைக் கூடத்திலும் மண்ணில்லா முறையிலும் விளைந்த தழை பளபளவென்று இருக்கும். பூச்சி குறைவாக நுழைவதால் அங்கே மருந்தின் தேவை குறைவு என்பது உண்மை. ஆனால் அடித்துவிட்டால், நேர் வெயிலும் மழையும் படாததால் அது சிதைவதும் மெதுவாகவே நடக்கும்.

வாங்கும் இடத்தில்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வந்து இறங்கும் கட்டு பல நிலங்களின் தழை கலந்தது. கோடையில் நம் பக்கத்து வெயிலுக்குக் கொத்தமல்லி நிற்காது என்பதால் அது குளிர்ந்த வெளியூர்களிலிருந்து வருவது. அங்கே விற்பவரிடம் எதைக் கேட்டும் பயனில்லை, அவருக்கே தெரியாது. உழவர் சந்தையில் விளைவித்தவரே உட்கார்ந்திருப்பதால் கேட்க முடியும், கேட்க வேண்டும். 'மருந்து அடிச்சீங்களா' என்று கேட்டால் எவரும் இல்லை என்றே சொல்வார்கள். மாறாக, "அக்கா, இந்த மல்லிக்கு அசுவினி வரலையா? வந்தா என்ன பண்றீங்க? அடிச்சா எத்தனை நாள் விட்டு அறுப்பீங்க?" என்று பயிரைப் பற்றிக் கேட்டால், தன் பயிரை அறிந்தவர் நிறைவாகவே பேசுவார். பக்கத்துக் காணியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதையும் அதே பேச்சில் கேட்டுவிடலாம். இலவம்பாடி, ஒடுகத்தூர் பக்கம் கத்தரித் தோட்டத்தை ஒட்டிய பாத்தி என்றால், கத்தரிக்குத் தண்டுத் துளைப்பானுக்கு அடிக்கும் மருந்தின் சாரலையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இலையில் ஓட்டை இருந்தால் மருந்து படாதது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஓட்டை விழுந்த பிறகு அடித்த மருந்தும் இருக்கலாம் என்பதால் அது எதையும் நிறுவாது. கறிவேப்பிலை ஈர்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது, இலைகளின் நுனியில் ஒரே அளவில் வட்டமாகக் காய்ந்த வெண்படிவம் எல்லா இலையிலும் தெரிந்தால் அண்மையில் தெளித்தது என்று ஐயப்படலாம். படிவம் இல்லாதது தூய்மைக்குச் சான்றன்று, எஞ்சும் அளவு கண்ணுக்குத் தெரியக்கூடியதே அன்று. மூக்கில் ஏறும் மருந்து நெடி அடித்தால் அந்தக் கட்டைத் தயங்காமல் வைத்துவிடுங்கள்.

கழுவும் முறை

கட்டைப் பிரிக்காமல் தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. முதலில் கட்டை அவிழ்த்து, வேரையும் மண் ஒட்டிய அடித்தண்டையும் பழுத்த இலையையும் நீக்குங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்து, தழையைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, இலைகள் ஒன்றோடொன்று உரசும்படி ஒரு நிமிடமாவது அலசுங்கள். மருந்து தண்ணீரில் கரைகிறதா என்பதைவிட, ஓடும் நீரும் உரசலும் இலைமேல் ஒட்டியதைப் பெயர்த்தெடுப்பதே அதிகம் வேலை செய்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில், அகன்ற பாத்திரத்தில் மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுவது ஏறக்குறைய அதே பலனைத் தரும். அலசிய தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றலாம். துளசிக்கும் கீரைக்கும் வேண்டாம்.

கறிவேப்பிலை தடித்த இலை என்பதால் ஊறலைத் தாங்கும். நீர்த்த புளித்தண்ணீரிலோ, லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்புக் கரைத்த நீரிலோ 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, அதன் பின் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவது கேரளத்தில் பரவலாகச் சொல்லித்தரப்படும் முறை. சமையல் சோடாவையும் எண்ணிப் பார்க்கலாம்: 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது மேல்தோலில் இருந்த இரண்டு மருந்துகள் நீங்கியதையும், தோலுக்குள் இறங்கியது நீங்காமல் நின்றதையும் கண்டார்கள். அது ஆப்பிளில் கண்டது. தழைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் வகை மருந்துகள் பலவும் காரத்தன்மையில் விரைவாகச் சிதைபவை என்பதால், கறிவேப்பிலைக்கு இதைச் செய்வதில் பொருள் இருக்கிறது. மல்லியும் புதினாவும் சோடா நீரில் துவண்டு மணம் இழந்துவிடும். அவற்றுக்கு ஓடும் தண்ணீரே போதும். பாத்திரம் கழுவும் திரவமும் சோப்பும் எந்தத் தழைக்கும் ஆகாது.

நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். கழுவியதைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திய பிறகே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இல்லையேல் இரண்டே நாளில் அழுகும். பொடிக்கு என்றால் கழுவி உலர்த்திய பிறகே வறுக்க வேண்டும்.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்த கிணற்றுப் பாசனத்தில் விளைந்த தழையில் வேறொரு கேடு இருக்கிறது. குரோமியம் வேர்வழியாக ஏறுவது. அதற்குக் கழுவல் எந்த வகையிலும் உதவாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் வாங்குபவர்கள் மருந்தைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேட்பது நல்லது.

வீட்டிலும் வயலிலும் வளர்க்கும்போது

மூன்றில் ஒன்றையாவது வீட்டில் வைப்பதென்றால் அது கறிவேப்பிலையாக இருக்கட்டும். சந்தைக் கறிவேப்பிலைதான் அதிக மருந்து காண்பது. வீட்டு மரமோ ஒருமுறை வேர் பிடித்தால் பல ஆண்டுகளுக்குக் குடும்பத் தேவையைத் தீர்த்துவிடும். காரமடை வட்டாரத்தில் புகழ்பெற்ற செங்காம்பு வகைக் கன்று கிடைத்தால் மணம் நன்றாக இருக்கும். இளங்கன்றில் இலைமேல் காக்கை எச்சம் போல் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டால், அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. இன்னும் சில நாளில் அது பச்சை நிறத்துக்கு மாறி, ஒரு கிளையையே மொட்டையடித்துவிடும். குச்சியால் தட்டி எடுத்துவிட்டால் போதும், மருந்தே தேவையில்லை. துளிர் சுருண்டு, அதன் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் படிவத்தோடு சிறு பூச்சிகள் சாறு உறிஞ்சினால், அந்தத் துளிரைக் கிள்ளி எரித்துவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கலாம்.

அந்தக் கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்காகச் சிறிது காதி சோப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். மாலை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். இதன் வீரியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் விரைந்து சிதைவது, பகலில் அடித்தால் பலனும் போய்விடும். கசப்பு மாறச் சில நாள் விட்டுப் பறியுங்கள்.

தொட்டியில் மல்லி போடுபவர்கள் விதையைச் செருப்பாலோ கட்டையாலோ தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து விதைப்பார்கள். விதைக் கடையில் வாங்கியது சாயம் பூசியதுபோல் நிறமாக இருந்தால் அது பூஞ்சாணக்கொல்லி கலந்தது. மிஞ்சியதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

விற்பனைக்கு விளைவிப்பவருக்கு ஒரு யோசனை. முழுப் பரப்பையும் ஒரே நாளில் விதைக்காமல், வாரம் ஒரு பாத்தியாக விதையுங்கள். ஒரு பாத்தியில் மருந்து அடிக்க நேர்ந்தால் அதை ஆறவிட்டு அடுத்ததை அறுக்கலாம், சந்தை நாளும் தவறாது. எந்தப் பாத்திக்கு என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பயிருக்குப் பொருந்தும் மருந்தையும் காத்திருக்க வேண்டிய நாளையும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். காற்று வரும் பக்கம் அகத்தியோ சோளமோ நெருக்கமாக இரண்டு மூன்று வரிசை நின்றால் சாரல் குறையும்; பக்கத்து நிலத்துக்காரர் மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்வதும் பலன் தரும். இரவல் வாங்கிய தெளிப்பானை மூன்று முறை கழுவாமல் பயன்படுத்தாதீர்கள், வேப்பங்கரைசலுக்கு என்றாலும்கூட. முந்தியவர் அடித்த மருந்து உங்கள் தழையில் எச்சமாகத் தெரிய அதன் அடியில் தங்கிய சிறிதளவே போதுமானது.

சோதிக்க விரும்பினால்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க உரிமை தருகிறது. சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், மீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உழவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால் இந்த வழி கடைகளைப் பொறுத்ததே. தனியாக ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால், கழுவாத தழை அரைக் கிலோவுக்குக் குறையாமல், பல கட்டுகளிலிருந்து கலந்து எடுத்து, சுத்தமான பையில் குளிர்ச்சியாக அன்றே சேர்ப்பிக்க வேண்டும். எத்தனை மருந்துகளுக்குச் சோதிக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் அவர்களால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு என்ன என்பதை முன்பே கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், பட்டியலில் உள்ள மருந்துகள் அந்த அளவுக்கு மேல் இல்லை என்பதே அதன் பொருள். பட்டியலில் இல்லாத மருந்தைப் பற்றி அந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை.